சடையாண்டி கல்லு

இந்தக் கதையை நான் ரொம்ப வருஷம் நம்பவே இல்ல, கண்ணு. பாதி நம்புவேன், பாதி நம்ப மாட்டேன். எனக்குச் சொன்னது எங்க பெரியம்மா. "கதை இல்லடா, நடந்தது"ன்னு தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுவாங்க. ஒரு மனுஷன் ஒரு பகல் பூரா அசையாம நிக்க முடியுமா? நானும் நின்னு பார்த்தேன். உன் வயசுல இல்ல, போன வருஷம்தான். முடியல. சரி, நம்புறதும் நம்பாததும் உன் பாடு. போர்வையை இழுத்துக்கோ, கால் வெளிய கிடக்கு பாரு. ம் கொட்டணும், தெரியுதா? ம் நின்னுச்சுன்னா கதையும் நின்னுரும்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு காவக்காரன் இருந்தான். பேரு சடையாண்டி. அந்த ஊருக்கு மூணு பக்கமும் மலை. நாலாவது பக்கம் ஒரு கணவாய், அதுக்குக் குறுக்க ஒரு மதில், மதில்ல ஒரு வாசல். அந்த ஊரேதான் நாடு, அந்த நாடேதான் ஊரு. அவ்வளவு சின்னது. சோளம் விளையும், ஆடு மேயும், மலையில இருந்து ஒரு ஊத்து சிலுசிலுன்னு இறங்கி வரும். கோடையிலகூட வத்தாது.

கணவாய்க்கு வெளிய ஓடற ஆத்துக்கு அந்தாண்ட ஒரு பெரிய ராஜா. அவன்கிட்ட யானை இருந்துச்சு, குதிரை இருந்துச்சு, அந்த ஊத்து மட்டும் இல்ல. படுத்தா அவன் காதுல சிலுசிலு சிலுசிலுன்னு அந்தத் தண்ணிச் சத்தமே கேக்குமாம். எந்திரிச்சுப் பார்த்தா ஒண்ணும் இருக்காதாம். அதனால அந்த நாட்டைப் பிடிக்கணும்னு முடிவு பண்ணிட்டான்.

இது தெரிஞ்சுதான் ஊர்க்காரங்க கணவாய்க்கு மேல ஒரு பாறையில பெரிய முரசு ஒண்ணு வெச்சாங்க. எதிரி வந்தா அதை அடிக்கணும். சத்தம் கேட்டா வாசலைச் சாத்திருவாங்க. அந்த முரசுக்குக் காவல் நம்ம சடையாண்டி. வேலை பெருசா ஒண்ணுமில்ல. கண்ணைத் திறந்து வெச்சிருக்கணும், அவ்வளவுதான்.

ஆனா சடையாண்டிக்கு அது ஒண்ணுதான் வராது. நின்னாலும் தூங்குவான், நடந்தாலும் தூங்குவான். சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருப்பான், கை அப்படியே நிக்கும், கொர்ர்ர்ர். அவன் பொண்டாட்டி அங்காயி கரண்டிக் காம்பால முழங்கையில ஒரு தட்டு தட்டுவா.

"யோவ், உன்னைப் போய்க் காவலுக்கு வெச்சாங்களே! அதுக்கு ஒரு ஆட்டுக்குட்டியைக் கட்டியிருந்தா மேன்னாவது கத்தும்."

"தூங்கல புள்ள. யோசிச்சேன்."

"யோசனை மூக்கு வழியாவா வருது?"

அவங்களுக்கு ஒரு குட்டிப் பொண்ணு. அரும்புன்னு பேரு. அப்போதான் தவழ ஆரம்பிச்சிருந்தா. அப்பன் தூங்கறப்ப அவன் நெஞ்சுமேல ஏறி அதுவும் படுத்துக்கும். ரெண்டும் ஒண்ணா மூச்சு விடும். அங்காயி திட்டறதை நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருப்பா.

"ம்."

அப்புறம் ஒரு நாள் உச்சி வெயில். காத்து மெல்ல வீசுது. சடையாண்டி முரசுல சாஞ்சு நல்லாத் தூங்கறான். அப்போ ஆத்தைத் தாண்டி எதிரிப் படை வருது. தட தட தட தட. கனவுல யாரோ நெல்லு குத்தறாங்கன்னு நினைச்சுக்கிட்டு அவன் புரண்டு படுத்தான். படுத்தானா? கால் போய் முரசுல இடிச்சுச்சு. முரசு உருண்டுச்சு. டம்! அவனும் கூடவே உருண்டான். முரசு பாறைக்குப் பாறை மோதிச்சு. டம்! டம்! டமடம டம்! மலை பூரா எதிரொலி. ஊர்க்காரங்க ஓடி வந்து வாசலைச் சாத்திட்டாங்க. படை வந்து சாத்தின கதவுலதான் முட்டுச்சு.

சடையாண்டி? சளக்! ஆத்துல விழுந்தான். ஆத்துத் தண்ணி அவனை அடிச்சுக்கிட்டு எங்கேயோ கொண்டுபோயிருச்சு.

"செத்துட்டானா?"

இல்ல. பயப்படாதே. ரொம்ப தூரத்துல ஒரு பரிசல்காரர் அவனை இழுத்துக் கரையில போட்டாரு. கால் ஒடைஞ்சிருந்துச்சு. மூங்கில் பத்தை வெச்சுக் கட்டி, ஒரு மழைக்காலம் பூரா தன் குடிசையில வெச்சுக் கஞ்சி ஊத்தினாரு. கூரையில மழை சொட்டும், சடையாண்டி கண்ணை மூடினா அரும்பு நெஞ்சுமேல படுத்திருக்கற மாதிரியே இருக்கும். தொட்டுப் பார்ப்பான், வெறும் நெஞ்சுதான். கால் கூடினதும் ஒரு கம்பை ஊணிக்கிட்டுக் கிளம்பிட்டான். வீட்டுக்குப் போகணும். வேற ஒண்ணும் வேணாம் அவனுக்கு.

கணவாய்க்கு வெளிய எதிரிக் கூடாரம் வெள்ளை வெள்ளையா நிக்குது, மழைக்கு முளைச்ச காளான் மாதிரி. ஆடு மேய்க்கறவங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒத்தையடிப் பாதை ஒண்ணு மலைக்குப் பின்னால இருந்துச்சு. அது வழியா ஏறி இறங்கி, விடியற நேரம் ஊருக்குள்ள வந்தான். எங்க பார்த்தாலும் பனி. அந்தப் பனிக்குள்ள, மதில் மேல, வாசலுக்கு நேர் மேல, ஒரு ஆளு நிக்கறான். கையில முரசடிக்கற கோலு. கண்ணு ரெண்டும் பெருசா, உருட்டி முழிச்சுக்கிட்டு.

பக்கத்துல போனா ஆளு இல்ல, கல்லு!

ஒரு கிழவி கலயத்துல கள்ளு கொண்டுவந்து அது காலடியில வெச்சா. சடையாண்டிக்குத் தொண்டை வறண்டு கிடந்துச்சு.

"ஆத்தா, இது யாரு?"

"நீ எந்த ஊர்ப்பா? இதுகூடத் தெரியாதா? இதுதான் எங்க சடையாண்டி. படை வந்தப்ப ஒத்தை ஆளா நின்னு முரசடிச்சவன். உசிரு போறவரைக்கும் கண்ணை மூடல."

"கண்ணை மூடலையா?"

"இமைகூடத் தட்டலையாம். அவனே மூடல, நாங்க மூடுவமா? சோளம் தீர்ந்துபோச்சு, கிழங்கைச் சுட்டுத் திங்கறோம். இருந்தாலும் வாசலைத் திறக்க மாட்டோம்."

தாடியும் மீசையுமா எலும்பும் தோலுமா இருந்தான் பாரு, கிழவிக்கு அடையாளமே தெரியல. சடையாண்டிக்கு வெக்கமாப் போச்சு. கள்ளைக் குடிக்கவும் தோணல.

அந்த ஊர் வழக்கம் என்னன்னா, சண்டையில செத்தவனுக்கு ஆள் உசரத்துக்கு ஒரு கல்லு செதுக்கி நடுவாங்க. தண்ணி ஊத்தி, மயில் பீலி சாத்தி, கள்ளு வெப்பாங்க. கல்லு நட்டாச்சுன்னா அவன் உசிரு அதுக்குள்ள வந்து குடியிருக்கும். அதுக்கப்புறம் அவனை மாதிரியே ஒருத்தன் தெருவுல நடந்து வந்தா, அது ஆளு இல்ல, பேயி. வேப்பங்கொத்தும் விளக்கமாறும் எடுத்துக்கிட்டு ஊரே சேர்ந்து தொரத்திரும். உடம்பைப் பார்த்துட்டுத்தான் கல்லு நடணும். ஆனா அன்னைக்கு இருந்த அவசரத்துல, கிழிஞ்ச முரசையும் அவன் தலைப்பாகையையும் பார்த்துட்டே நட்டுட்டாங்க.

இப்போ சடையாண்டி எப்படி வீட்டுக்குப் போவான்?

"ம்..."

மதிலுக்கு உள்பக்கம் படிக்கட்டு, படிக்கட்டுக்குக் கீழ ஒரு கொட்டகை. அங்கதான் அந்தக் கல்லைச் செதுக்கின குப்பாசாரி இருந்தாரு. சடையாண்டி நேரா அவருகிட்ட போனான்.

"ஆசாரி, நான்தான் சடையாண்டி."

ஆசாரி ஏற இறங்கப் பார்த்தாரு. வேப்பங்கொத்து எங்க இருக்குன்னு கை தேடுச்சு. அப்புறம் அவன் காதை ஒரு திருகு திருகினாரு.

"ஆ!"

"பேயிக்கு வலிக்காது. அப்போ நீ ஆளுதான். அடப்பாவி, செத்திருக்கக் கூடாதா நீ?"

"நான் முரசே அடிக்கல ஆசாரி. தூங்கிட்டேன். கால் பட்டு உருண்டுச்சு."

"கத்தாதே! யாருகிட்டயும் சொல்லிராதே."

"என் மூக்கு இப்படியா இருக்கு? மேல இருக்கற மூக்கு கிளி மாதிரி வளைஞ்சிருக்கு."

"உன் மூக்கைவிட நல்ல மூக்கு வெச்சிருக்கேன். சந்தோஷப்படு." ஆசாரி குரலைத் தணிச்சாரு. "இங்க பாரு தம்பி, ஊரு அந்தக் கல்லைப் பார்த்துத்தான் பசியோட நிக்குது. நீ இப்ப வெளிய போய் தூங்கிட்டேன்னு சொன்னா, சாயங்காலமே வாசல் திறந்துரும். சண்டை முடியட்டும். அதுவரைக்கும் இந்தக் கொட்டகையில கிட."

சடையாண்டி அங்கேயே கிடந்தான். கல்லுத்தூசி தலையிலயும் தாடியிலயும் படிஞ்சு அவனே பாதிக் கல்லு மாதிரி ஆயிட்டான். தினமும் காலையில அங்காயி குடத்தோட படியேறுவா. இடுப்புல அரும்பு. கல்லுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டே திட்டுவா. "யோவ், கூரை ஒழுகுது. யாரு ஏறி ஓலை வெப்பா? நல்லா முழிச்சுக்கிட்டு நில்லு. உசிரோட இருந்தப்ப ஒரு நாளாவது முழிச்சிருந்தியா?" திட்டிட்டு, முந்தானையால அது முகத்தைத் துடைச்சுவிடுவா. கீழ கொட்டகையில சடையாண்டி கன்னம் கூசும்.

அப்புறம் ஒரு நாள், அரும்பு அந்தக் கல்லைக் காட்டிப் பேச ஆரம்பிச்சா. முதல் பேச்சு. "அப்பா"ன்னா.

சடையாண்டி வாயைப் பொத்திக்கிட்டு அழுதான். கல்லைக் கூப்பிடுது, தன்னை இல்ல. இன்னும் கொஞ்ச நாள் போச்சுன்னா, நெசமான அப்பன் வந்து நின்னா யாருன்னு கேக்கும்.

"..."

தூங்கிட்டியா?

"இல்ல. ம்."

எதிரித் தளபதிக்கும் விஷயம் தெரிஞ்சுபோச்சு. "இவனுங்க பலம் மதில்ல இல்லடா, அந்தக் கல்லுல இருக்கு. அதை ஒடைங்க"ன்னான். கல்லெறியற பெரிய பொறி ஒண்ணு கொண்டுவந்து, குண்டுக்கல்லு வெச்சு விட்டாங்க. விர்ர்ர்ர்... படார்! கல்லோட மூக்கு போச்சு. ஊரே ஐயோன்னுச்சு. குப்பாசாரி ஏறி, சுண்ணாம்பும் வெல்லமும் குழைச்சுப் புது மூக்கு வெச்சாரு. இந்தத் தடவை சடையாண்டி மூக்கைப் பார்த்தே வெச்சாரு. ஊர்க்காரங்க சிரிச்சாங்க. "மூக்கு போனாலும் முழி போகலடா"ன்னு சொல்லிக்கிட்டாங்க.

அப்புறம் ரெண்டாவது. நெருப்பு அம்பு விட்டாங்க. சொய்ங், சொய்ங், சொய்ங். மயில் பீலி எரிஞ்சு, சாத்தின எண்ணெய் எரிஞ்சு, கல்லு கன்னங்கரேல்னு ஆயிருச்சு. பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து சாம்பல் போட்டுத் தேய்ச்சாங்க. "ஆத்துல குளிக்கவே மாட்டான், இப்பவாவது குளிக்கட்டும்"னா அங்காயி. மறுபடி வெளுப்பாச்சு.

அப்புறம் மூணாவது. விடியல் நேரம். பனி கெட்டியா இறங்கி, கையை நீட்டினா கை தெரியல. அந்தப் பனிக்குள்ள இருந்து ஒரு பாறை வந்துச்சு. விர்ர்ர்ர்ர்ர்... படார்! டமார்!

ஊர்ல எல்லாரும் எந்திரிச்சு உக்காந்தாங்க. ஆனா ஒண்ணும் தெரியல, ஒரே வெள்ளை. சடையாண்டியும் ஆசாரியும் படியேறிப் போனாங்க. மேடை காலியா இருந்துச்சு. கல்லு துண்டு துண்டாக் கிடந்துச்சு. கோலு பிடிச்ச கை ஒரு பக்கம், முழிச்ச தலை ஒரு பக்கம்.

ஆசாரி அந்தத் தலையை மடியில எடுத்து வெச்சுக்கிட்டாரு. "இன்னொண்ணு செதுக்க ஒரு வருஷம் ஆகும்டா. பனி விலக எவ்வளவு நேரம் ஆகும்?"

சடையாண்டி வீட்டுப் பக்கம் பார்த்தான். பனிக்குள்ள கூரை தெரியல. கல்லு ஒடைஞ்சாச்சு, இனி ஒளிய வேண்டியதில்ல. இப்பவே இறங்கி ஓடினா அரும்பைத் தூக்கிரலாம். ஆனா பனி விலகினதும் வாசல் திறக்கும், படை உள்ள வரும். அப்புறம் தூக்கின புள்ளையை எங்க கொண்டுபோய் வெப்பான்?

"ஆசாரி, சுண்ணாம்பு இருக்கா?"

"எதுக்கு?"

"என் மேல பூசு."

ஆசாரி ஒடைஞ்ச துண்டையெல்லாம் கொட்டகைக்குள்ள தள்ளி மறைச்சாரு. தாடியை மழிச்சாரு. சுண்ணாம்பையும் கல்லுத்தூசியையும் குழைச்சு, தலையில இருந்து கால்வரைக்கும் பூசினாரு. கோலைக் கையில குடுத்தாரு. "தம்பி, கண்ணு சிமிட்டினா அவ்வளவு தூரத்துக்குத் தெரியாது. தூங்கினா மட்டும் ஆடுவ. சிலை ஆடக் கூடாது"ன்னாரு.

பனி மெதுவா, மெதுவா, பால் ஏடு விலகற மாதிரி விலகுச்சு. எதிரிக் கூடாரத்துல எல்லாரும் கழுத்தை நீட்டிக்கிட்டு நின்னாங்க. மதில் மேல பார்த்தா, அவன் நிக்கறான்! மூக்கோட, கையோட, முழியோட.

உள்பக்கம் ஊரே ஓன்னு கூவுச்சு. வெளிப்பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்ல.

வெயில் ஏறுச்சு. ஒரு காக்கா வந்து தலையில உக்காந்து கா கான்னுச்சு. அவன் அசையல. கட்டெறும்பு காலுல ஏறி முழங்கால்கிட்ட கடிச்சுச்சு. அசையல. அப்புறம் வந்துச்சு தூக்கம். காத்து மெல்ல வீசுது. ஊத்துச் சத்தம் சிலுசிலுங்குது. கண்ணுக்கு முன்னால மலை கரையுது, கூடாரமெல்லாம் ஆட்டுக்குட்டியாகி மேயுது, ஆறு படுத்துக்கிட்டே அவனை வா வாங்குது...

அப்போ அங்காயி குடத்தோட வந்தா.

குடத்தைத் தூக்கினா. ஊத்தினா போச்சு, சுண்ணாம்பு கரைஞ்சிரும். தூக்கினவ அப்படியே நின்னுட்டா. கல்லோட முழங்கால்ல எறும்பு கடிச்ச எடம் தடிச்சிருக்கு. கல்லுக்கு எங்கடா தடிக்கும்? நெஞ்சைப் பார்த்தா. துளித் துளியா ஏறி இறங்குது. அந்த மூச்சு அவளுக்குத் தெரியாதா?

சுத்தி ஊரு நிக்குது. மெதுவாச் சாய்ச்சு, தண்ணியை மேடைக்குக் கீழ மட்டும் ஊத்தினா. அப்புறம் உதடு அசையாம சொன்னா.

"கண்ணை மூடின, நானே தள்ளிவிட்டுருவேன்."

அப்புறம் அவ அங்கேயே, அவன் காலடியில உக்காந்துட்டா. திட்ட ஆரம்பிச்சா. கல்யாணத்தன்னிக்கு மணவறையில தூங்கினதைச் சொன்னா. பொண்ணு பொறந்தப்ப மருத்துவச்சியைக் கூப்பிடப் போய் வழியில வைக்கோல் போர்ல படுத்ததைச் சொன்னா. ஆட்டைத் தொலைச்சதை, உலையைக் கருக விட்டதைச் சொன்னா. அவன் தலை சாயப் பாக்கும், அவ குரல் ஏறும். "தினமும் திட்டறவதானே, இன்னைக்குத் துக்கம் கொஞ்சம் ஜாஸ்தி"ன்னு ஊர்க்காரங்க நினைச்சாங்க. கொட்டகையில குப்பாசாரி மட்டும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருந்தாரு. நடுவுல அரும்பு தவழ்ந்து போய் அவன் காலைக் கட்டிக்கிச்சு. "அப்பா"ன்னுச்சு. சடையாண்டி கண்ணுல இருந்து தண்ணி இறங்கி, கன்னத்துச் சுண்ணாம்புல ஒரு கோடு விழுந்துச்சு. அசையல.

தளபதி ஒரு குதிரைக்காரனை அனுப்பினான். அவன் கேடயத்தைத் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு, டக் டக் டக்குன்னு வாசலுக்குக் கீழ வரைக்கும் வந்தான். மேல பார்த்தான். சடையாண்டி கீழ பார்த்தான். ரொம்ப நேரம்.

குதிரைக்காரன் திரும்பிப் போனான். "கல்லுதான் பிரபு. ஆனா அழுதுக்கிட்டே நிக்குது."

ஏற்கெனவே கூடாரமெல்லாம் நனைஞ்சு, குதிரைக்குப் புல்லு இல்லாம, படைக்காரங்க ஊர் நினைப்புல இருந்தாங்க. இப்போ ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. மூக்கை ஒடைச்சா முளைக்குது. எரிச்சா வெளுக்குது. தூள் தூளாக்கினா முழுசா நின்னு அழுவுது. இந்த நாட்டை என்னடா பண்றது? பொழுது சாயறப்ப கூடாரத்தைச் சுருட்டினாங்க. தட தட தட... தட தட... தட... புழுதி ஆத்துக்கு அந்தாண்ட போய் அடங்கிருச்சு.

அடங்கினதும் சடையாண்டி கண்ணை மூடினான். அப்படியே சரிஞ்சான். கீழ நின்னவங்க கை நீட்டித் தாங்கினாங்க. எல்லார் கையிலயும் சுண்ணாம்பு. அப்போதான் தெரிஞ்சுச்சு ஊருக்கு.

ஊர்ப் பெரியவர் ஒருத்தரு வேப்பங்கொத்தைக் கையில எடுத்துட்டாரு. வழக்கம்னா வழக்கம்தானே. "கல்லு நட்டாச்சும்மா. இது ஆளு இல்ல"ன்னாரு.

குப்பாசாரி ஒடைஞ்ச தலையைக் கொண்டுவந்து முன்னால வெச்சாரு. அங்காயி எந்திரிச்சா. பகல் பூரா கத்திக் கத்திக் குரலே இல்ல அவளுக்கு. கிசுகிசுன்னுதான் வந்துச்சு.

"கல்லுதான் ஒடைஞ்சு கிடக்கே மாமா. ஒடைஞ்ச கல்லுல உசிரு இருக்குமா? அது எங்க போகும், சொல்லுங்க."

பெரியவர் யோசிச்சாரு. ஒடைஞ்ச தலையைப் பார்த்தாரு. தூங்கறவனைப் பார்த்தாரு. வேப்பங்கொத்தைக் கீழ போட்டுட்டாரு.

"வீட்டுக்குத்தாம்மா போகும்"னாரு. "தூக்குங்கப்பா, மெதுவா. முழிச்சிரப் போறான்."

நாலு பேரு தூக்கிக்கிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் அந்த மேடையில வேற கல்லு நடவே இல்ல. வருஷத்துக்கு ஒரு நாள், அந்த நாள் வர்றப்ப, ஊர்ல இருக்கற எல்லாரும் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் அதுல ஏறிக் கொஞ்ச நேரம் நிப்பாங்களாம். கிழவி நிப்பா, ஆசாரி நிப்பாரு, அரும்பு வளர்ந்து அவளும் நின்னாளாம். தூரத்துல இருந்து பார்க்கறவங்களுக்கு எப்பவும் ஒரு சிலை நிக்கற மாதிரியே இருக்குமாம்.

அவ்வளவுதான் கண்ணு. கதை அது வீட்டுக்குப் போயிருச்சு, நீ உன் கனவுக்குப் போ.

ம்?

ம் வரல. சரி, தூங்கு. இனி சொல்றது உனக்கு இல்ல.

எங்க பெரியம்மா ஊர்ல, பஸ் நிக்கற முக்குல ஒரு சிலை இருக்கு. சிமெண்டுச் சிலை, கையில துப்பாக்கி. அது எங்க பெரியப்பா. எல்லையில சண்டை வந்தப்ப போனவரு. உடம்பு வரல, சேதி மட்டும்தான் வந்துச்சு. சண்டை முடியறதுக்கு முன்னாலயே ஊர் கூடி அந்தச் சிலையை வெச்சுட்டாங்க. அதுக்கு ஒரு சல்யூட் அடிச்சுட்டுத்தான் அந்தப் பக்கத்துப் பையன்க பட்டாளத்துக்கு பஸ் ஏறினாங்க. வருஷா வருஷம் மாலை போடுவாங்க. பெரியம்மா கூட்டத்துல கடைசியா நிப்பாங்க.

போன மாசம் அவங்க படுத்திருந்தாங்க. நான் கால் பிடிச்சுவிட்டுக்கிட்டே கேட்டேன். "பெரியம்மா, அந்தச் சிலையை யாராவது ஒடைச்சுப் போட்டா பெரியப்பா வீட்டுக்கு வந்துருவாருன்னு நீங்க என்னைக்காவது நினைச்சதுண்டா?"

பெரியம்மா கண்ணை மூடாம "ம்"னாங்க.